செம்புப் பள்ளத்தாக்கும் எஃகுக் கம்பியும்

(தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன் எழுதியது)

சென்ற பருவத்தில் ஒரு மாலை, நம் கல்லூரி நிலநூற் கழகத்தார் மெக்சிக்கோ நாட்டு மலைப்பகுதி ஒன்றனைப் பற்றிய படக்காட்சியைப் பெரிய மண்டபத்திற் காட்டினர். கூட்டம் மிகுதி. செங்குத்தான பாறைச் சுவர்களும், அவற்றின் அடியில் நூலிழைபோற் கிடந்த ஆறும், சுவரினின்று சுவருக்குத் தாவிய மேக நிழல்களும் திரையில் வந்தபொழுது மண்டபம் வாளா இருந்தது. பின்னர் இளைஞன் ஒருவன் இடுப்பில் வார் பூட்டி, எஃகுக் கம்பியொன்றில் தொங்கியவாறு அப்பள்ளத்தின்மேற் பாய்ந்தான். அவ்வளவே, ஆரவாரம் கூரையைப் பிளந்தது. என் பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பர், "போனால் இதற்காகவே போகவேண்டும்" என்றார். அக்கம்பியின் புறப்பாட்டு மேடைக்கருகே, பூப்போட்ட அகன்ற பாவாடை உடுத்த பெண்ணொருத்தி தரையில் அமர்ந்து கூடை முடைந்துகொண்டிருந்தமை ஒரு கணம் திரையில் தோன்றி மறைந்தது. அவளை எவரும் கண்டதாகத் தெரியவில்லை. அன்றிரவு விடுதியில் எனக்கும் அந்நண்பர்க்கும் அவளைக் குறித்து வாக்குவாதம் நிகழ்ந்தது. அவ்வாதம் முற்றுப்பெறாமையாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

ஆசிரியப் பெருமக்களும் பழைய மாணவரும் முதலிலேயே ஒன்றனைப் பொறுத்தருளல் வேண்டும். அம்மலைநாட்டை யான் கண்ணாற் கண்டவனல்லேன். கடல் கடந்த பயணத்திற்கு வேண்டும் பொருளும் எனக்கில்லை. நூலகத்திற் கிடைத்தவற்றைத் தேடிப் படித்தும், அறிந்தோரை வினவியும் தெரிந்துகொண்டவற்றைக் கொண்டே பேசுகின்றேன். காணாத நாட்டைப் பற்றிக் கருத்துரைத்தல் எளிது என்று நண்பர் நகைப்பர். கண்டவரும் பதினைந்து நிமிடமே கண்டு மீள்கின்றனர் என்பதைப் பின்னர்க் கூறுவேன், அதன்பின் நகைக்கட்டும்.

மெக்சிக்கோ நாட்டின் வடமேற்கே சிகுவாவா என்னும் பெரிய மாநிலம் உளது. அதன் தென்மேற்குப் பகுதியில், மேற்குச் சியெரா மாத்ரே மலைத்தொடரின்கண், ஆறு பெரும் பள்ளத்தாக்குகளும் அவற்றின் கிளைகளும் பின்னிக் கிடக்கின்றன. இவற்றைத் தொகுத்துச் செம்புப் பள்ளத்தாக்கு என்பர். செம்பு மிகுதியாக அகழ்ந்தெடுக்கப்பட்டதனால் வந்த பெயரன்று இது; பாறைச் சுவர்களின் செம்பும் பச்சையும் கலந்த நிறத்தால் வந்தது. இரண்டு மூன்று கோடி ஆண்டுகட்கு முன் எரிமலைகள் கக்கிய சாம்பல் அடுக்கடுக்காய்ப் படிந்து இறுகிப் பீடபூமியாயிற்று. அதனை ஆறுகள் அரிந்தன. அரிந்த நீரெல்லாம் மேற்கே ஓடி, புவேர்த்தே என்னும் ஆற்றிற் கூடி, கலிபோர்னியா வளைகுடாவிற் கலக்கின்றது. ஊரிக்கே பள்ளத்தாக்கே எல்லாவற்றினும் ஆழமுடையது. உச்சிக்கும் அடிக்கும் இடையே 6,100 அடிக்கு மேல். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள கிராண்டு கேன்யனைவிட இத்தொகுதி பரப்பிற் பெரியது. சில இடங்களில் ஆழத்திலும் மிக்கது. இவ்வொப்புமையைச் சொல்லாத வழிகாட்டி நூலே இல்லை. ஒரு நிலத்தின் பெருமையை மற்றொரு நிலத்தின் ஆழத்தைக் கொண்டு அளத்தல், ஒரு புலவனை மற்றொரு புலவனின் பாட்டெண்ணிக்கையால் அளத்தலோடு ஒக்கும். ஆதலின் அதனை இவ்வளவில் விடுகின்றேன்.

எனக்கு வியப்பூட்டியது வேறொன்று. தமிழ் பயில்வோர் நிலத்தைத் திணைகளாகப் பகுத்துக் காணப் பழகியவர். மலை ஓரிடம், பாலை வேறிடம், வயல் பிறிதோரிடம் என்று நம் மனத்தில் அவை பரந்து கிடக்கின்றன. சிகுவாவாவின் பள்ளத்தாக்கிலோ அவை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்குகின்றன. விளிம்பின் உயரம் 7,000, 8,000 அடி. ஆண்டுப் பைனும் ஓக்கும் அடர்ந்து, குளிர்காலத்திற் பனி பெய்யும். கீழே இறங்க இறங்க முட்செடியும் சப்பாத்திக் கள்ளியும் தோன்றும். அடியிலோ ஆற்றங்கரையில் ஆரஞ்சும் பப்பாளியும் காய்க்கும், மாமரமும் நிற்கும்! நம் நாட்டு மா அப்பள்ளத்தின் அடியிற் சென்று வேரூன்றியதை அறிந்தபொழுது, அயலூர்ச் சந்தையில் உறவினரைக் கண்டாற்போன்ற மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று. அதற்கு ஈடாக அவர்கள் நாடு நமக்கு மிளகாயை அனுப்பியது. கணக்கு ஒருவாறு நேராயிற்று எனலாம்.

ஒரே நாளில் ஒருவன் பனியில் விழித்து வெயிலில் உறங்கலாம் என்பது வழிப்போக்கனுக்கு வேடிக்கை. ஆண்டு வாழ்வார்க்கு அதுவே வாழ்க்கை முறை. ராராமுரி என்னும் தொல்குடி மக்கள் அப்பள்ளத்தாக்கின் உரிமையாளர். ஸ்பானியர் அவர்களைத் தராகுமாரா என்றனர். அப்பெயரே படங்களில் நிலவுகின்றது. 2020-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அவர்தம் மொழியைப் பேசுவோர் ஏறக்குறைய 90,000 பேர். அவர்களிற் பலர் கோடையில் மேட்டுநிலத்தில் மக்காச்சோளமும் அவரையும் விளைத்து, குளிர் வந்தால் ஆடுகளோடு பள்ளத்தின் வெம்மைக்கு இறங்குவது வழக்கம். குகைகளிலும் கல்வீடுகளிலும் மரவீடுகளிலும் வாழ்வர். விளிம்பு வேறு, அடி வேறு என்று அவர்கள் கருதவில்லை. இரண்டும் ஒரே வீட்டின் மாடியும் கூடமுமாம். இதனை மனத்திற் கொண்டால், பின்னர் யான் கூறப்போகும் குறை எளிதில் விளங்கும்.

ஆண்டுக் காணத்தக்கவை பல. பசசேயாச்சிக் அருவி 800 அடிக்கு மேலிருந்து ஒரே வீழ்ச்சியாய் வீழ்கின்றது. அதனை அடுத்துள்ள பியெத்ரா வொலாதா 1,480 அடி உயரமுடையதாயினும் மழைக்காலத்தில் மட்டுமே நீருடையது. கிரீல் என்னும் சிற்றூரை அடுத்து அரரேக்கோ ஏரியும், துறவியர் நிரையாக நிற்பதுபோல் நெடும்பாறைகள் நிற்கும் பள்ளமும், குசாரரே என்னும் சிற்றருவியும் உள. ஆடி முதல் புரட்டாசி வரை மழை. அதன் முடிவிலே அருவிகள் நிறைந்திருக்கும். தென்பால் குவாச்சோச்சி என்னும் ஊருக்கு அருகே சின்ஃபொரோசா என்னும் பள்ளத்தாக்கு உளது. அங்கே புகைவண்டி செல்லாமையால் கூட்டமும் குறைவு.

பத்தோப்பிலாஸ் என்னும் ஊரைச் சிறிது நின்று காண்போம். பள்ளத்தின் அடியில், ஆற்றங்கரையில், வெள்ளிச் சுரங்கத்தின் பொருட்டு 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ஊர் இது. 1880-இல் அலெக்சாந்தர் ஷெப்பர்டு என்பவர் தம் குடும்பத்தோடு ஆண்டு வந்து சேர்ந்தார். இவர் முன்னர் அமெரிக்கத் தலைநகரமாகிய வாஷிங்டனைத் தன்னகத்தேகொண்ட கொலம்பியா மாவட்டத்தின் ஆளுநராக இருந்து, நகரைப் புதுக்குவதில் அளவிறந்த கடன் செய்து, பதவியிழந்தவர். பத்தோப்பிலாசில் சுரங்கங்களை விரித்து, நீர்க்கால் கட்டி, மாளிகையெடுத்து, 1902-இல் ஆண்டே இறந்தார். வெள்ளிப் பாளங்கள் கோவேறு கழுதைகளின் முதுகிலேறி மலைகடந்து சென்றன. இன்று மாளிகையின் சுவர்கள் இடிந்து நிற்க, அதன்மேற் செடிகொடிகள் படர்கின்றன. விருந்தினர் அதனைப் படம் பிடிக்கின்றனர். அவ்வெள்ளியிற் சுரங்கத்தில் உழைத்தார்க்கு எஞ்சியது யாது என்று வினவுவார் அரியர். மலையினின்று எடுத்துச் செல்வார் வந்துகொண்டேயிருந்தனர். வெள்ளி முடிந்தபின் மரம். மரத்தின்பின் இக்காலத்துக் காட்சி. காட்சியை எடுத்துச் செல்லுதலால் மலைக்குக் குறைவில்லையே என்று என் நண்பர் வாதிட்டார். அவர் வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் காட்சியைக் காணவருவோர் நீர் அருந்துவர், குளிப்பர், உறங்க மாளிகை வேண்டுவர் என்பதை அவர் மறந்தார்.

இனிப் புகைவண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் நன்றியறிவில்லாதவன் ஆவேன். சிகுவாவா நகரினின்று லோஸ் மோச்சிஸ் வரை ஏறக்குறைய 400 மைல் நீளும் இவ்விருப்புப்பாதையை மக்கள் எல் செப்பே என்பர். பசிபிக் கடற்கரையிலுள்ள தோப்போலோபாம்போ துறைமுகத்திற்கு வடக்கினின்று ஒரு பாதை வேண்டுமென 1870-களில் ஆல்பர்ட் கிம்சி ஓவன் என்னும் அமெரிக்கர் கனவு கண்டார். 1900-இல் ஆர்தர் ஸ்டில்வெல் என்பவர் வேறொரு குழுமம் அமைத்து முயன்றார். இருவர் பொருளும் மலையில் முட்டி நின்றது. மெக்சிக்கோ அரசினர் 1940-இல் அதனைத் தம் வயமாக்கி, 1961-இல் முடித்தனர். பாலங்கள் 37, மலைகுடைந்த வழிகள் 86 என்பர். தெமோரிஸ் என்னுமிடத்தில் இறக்கம் கடியதாகலின், வண்டி மலைக்குள் நுழைந்து உள்ளேயே வளைந்து, நுழைந்த திசைக்கு எதிராக வெளிப்படுகின்றது. ஒரே பள்ளத்தாக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தடங்களைக் காணலாம். தொண்ணூறு ஆண்டுக் கனவை நிறைவேற்றிய பொறியாளரையும், பெயர் தெரியாத கூலியாட்களையும் யான் வணங்குகின்றேன். மலையைக் கெடுத்தது எந்திரமே என்று கூறுவாரோடு எனக்கு உடன்பாடில்லை. இவ்வண்டி ஊரார்க்கும் வண்டி. மூட்டையும் குழந்தையுமாய் அவர்கள் ஏறி இறங்குவர். 2018-இல் விருந்தினர்க்கென விரைவு வண்டியொன்று தனியே வந்தது. கண்ணாடிக் கூரையின்கீழ் உணவருந்திக்கொண்டே மலையைக் காணலாம். ஊரார் ஒரு வண்டியிலும் விருந்தினர் மற்றொரு வண்டியிலும் செல்வாராயின், இருவரும் எங்கே சந்திப்பர்?

திவிசதேரோ என்னும் நிலையத்திற் சந்திப்பர். விளிம்பினின்று மூன்று பள்ளத்தாக்குகள் கூடுமிடம் தெரியும் நிலையம் அது. ஊர்வண்டி ஆண்டுப் பதினைந்து நிமிடமளவு நிற்கும் என்று பயணியர் எழுதுகின்றனர். அதற்குள் விளிம்பிற்கு ஓடிப் பார்க்கவேண்டும். எண்ணெய்ப் பீப்பாயை அடுப்பாக்கி வார்க்கும் மக்காச்சோள அடையை வாங்கித் தின்னவேண்டும். தரையிற் பரப்பிய கூடைகளுக்கு விலைபேசவேண்டும். ஊது குழல் ஒலித்ததும் ஓடிவந்து ஏறவேண்டும். பைன் ஊசியிலையாலும் பனைவகை ஓலையாலும் முடைந்த அக்கூடைகள் ஒவ்வொன்றிற்கும் எத்தனை நாள் சென்றதோ! அதற்குப் பேரம் பேசுவதைத் திறமை என்று சில பயணநூல்கள் கற்பிக்கின்றன. ஏழாயிரம் மைல் கடந்து வந்தவன், வண்டி புறப்படும் அவசரத்தைப் படையாக்கி, ஒரு பெண்ணின் கூலியிற் சில காசு குறைத்தலைத் திறமை என்பதினும் வேறு சொல்லாற் சுட்டுதல் தகும். நாகரிகம் கருதி அச்சொல்லை எழுதாது விடுகின்றேன்.

திவிசதேரோவிற்கு அருகிலேயே 2010-இல் வீரவிளையாட்டுப் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. தொங்கு வண்டி ஒன்று பள்ளத்தின்மேல் ஒன்றே முக்கால் மைலளவு செல்கின்றது. நம் மண்டபத்தை அதிரச் செய்த கம்பியோ ஒன்றரை மைலுக்கு மேல் நீள்கின்றது. மறைப்பானேன்? படத்தில் அதனைக் கண்டபொழுது என் உள்ளங்கையும் வியர்த்தது. ஒருமுறை பாயவேண்டும் என்னும் ஆசை எனக்கும் எழுந்தது. பத்தொன்பது அகவையில் அவ்வாசை எழாதவன் மருத்துவரைக் காண்டல் நலம். ஆகவே கம்பியை அறுக்க வேண்டும் என்பது என் கட்சியன்று. கம்பி கட்டுவதற்கு முன் எவரைக் கேட்டனர் என்பதே என் வினா.

இவ்வினாவை யான் முதலிற் கேட்கவில்லை. திவிசதேரோவை அடுத்த ஊயெத்தோசாச்சி என்னும் சிற்றூரின் ராராமுரி மக்கள் கேட்டனர். குடிநீர்க் குழாயும் இல்லாத சிறு குடியிருப்பு அது. அதன் அண்மையிலே விடுதிகளும் பூங்காவும் எழுந்தன. சுற்றுலாத் திட்டம் வகுக்கப்பட்டபொழுது பழங்குடியினரையும் கலந்து பேசுதற்கு ஒரு குழு அமைக்கப்படும் என்று எழுத்தில் இருந்தது. நடைமுறையில் அவர்கள் குரல் ஏறவில்லை. ஊரார் வழக்குத் தொடுத்தனர். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2012-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நீதிபதிகள் அவ்வூரார் பக்கமே தீர்ப்பளித்தனர்; பழங்குடி ஊர்களின் பங்கோடு அக்குழு அமைதல் வேண்டும் என்றனர். பின்னர்க் கிரீலுக்கு அருகே விமான நிலையம் கட்ட முற்பட்டபொழுது, ரெப்பெச்சிக்கே என்னும் காட்டூர் மக்களும் தம்மைக் கேளாது தம் நிலத்திற் கட்டுகின்றனர் என்று நீதிமன்றம் புகுந்து வென்றனர். கூடை விற்கும் பெண்டிர் என்று நாம் இரக்கத்தோடு நோக்கும் அவ்வினத்தார், மாநில அரசை எதிர்த்து வழக்காடி வென்றவர் என்பதைப் படக்காட்சி சொல்லவில்லை. இரக்கப்படுதற்கு நம்மிடம் அவர்கள் இடம் வைத்திலர். மதித்தற்கே இடம் வைத்துள்ளனர்.

இரக்கம் என்றதும் கோரிமா என்னும் அவர்தம் சொல் நினைவிற்கு வருகின்றது. ராராமுரி ஊர்களில் விளைவு பொய்த்தவன் விளைந்தவனிடம் சென்று கோரிமா என்பான். விளைந்தவன் பகிர்ந்து கொடுப்பான். கொடுத்தவன் வள்ளலாகான், பெற்றவன் இரவலனாகான், அது கடனும் அன்று. மழை ஒரு சரிவிற் பெய்து மறுசரிவிற் பெய்யாத நிலத்தில், இவ்வாண்டு கொடுத்தவனே மறு ஆண்டு கேட்க நேரும் என்பதை அனைவரும் அறிவர். நகரத் தெருவில் ராராமுரிக் குழந்தையொன்று அயலானிடம் கைநீட்டி அதே சொல்லைச் சொல்லும்பொழுது, அவன் அதனைப் பிச்சை என்று பெயர்க்கின்றான். தமிழ் பயிலும் எனக்கு இம்மொழிபெயர்ப்பைப்போல் வருத்திய பிழை வேறொன்றில்லை. அக்குழந்தை, "நீ எம் நிலத்திற்கு வந்துள்ளாய், உன்னிடம் மிகுதி உளது, எம் முறைப்படி நட" என்று ஒரு விருந்தினனுக்கு ஊர் வழக்கத்தைச் சொல்லுகின்றது. அவனோ ஒரு காசை எறிந்து, தன்னைப் புரவலன் என்று எண்ணிக்கொள்ளுகின்றான். அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்ளுகின்றான். "கேட்பவர்க்கெல்லாம் கொடுத்தால் கேட்பதே தொழிலாகாதோ?" என்று நண்பர் வினவினார். ஆகக்கூடும், தெருவில் எறியும் காசைப் பற்றிய அளவில் அவர் கூற்றை மறுக்க மாட்டேன். யான் வேண்டுவது விடுதிக் கட்டணத்தில், கம்பிக் கட்டணத்தில் ஒரு பங்கு, கேளாமலே, முறையாக, நீரும் பள்ளியும் ஆகி அவ்வூர்களுக்குச் சேர்வது. அவர்கள் மொழியில் அதற்குச் சொல் முன்னரே உளது.

ராராமுரி என்பதற்கு விரைந்த அடியுடையார் என்று பொருள் கூறுவர். பழைய மோட்டார்ச் சக்கரத்தோலை அறுத்துச் செய்த செருப்போடு மலைப்பாதையில் அவர்கள் நெடுந்தொலைவு ஓடுவர். 1993-இல் அமெரிக்காவில் லெட்வில் என்னுமிடத்தில் நடந்த நூறு மைல் ஓட்டத்தில், ஐம்பத்தைந்து அகவையுடைய விக்தொரியானோ சுர்ரோ என்பவர் அத்தகைய செருப்போடு முதல்வராக வந்தார். 2017-இல் லொரேனா ராமிரெசு என்னும் பெண், பாவாடையும் செருப்புமாய் 50 கிலோமீட்டர் ஓட்டத்தில் வென்றார். 2009-இல் கிறிஸ்தோபர் மெக்டூகல் எழுதிய நூலொன்று இவர்களை உலகெங்கும் அறிவித்தது. அதன்பின் ஓட விரும்புவோர் ஊரிக்கேயை நோக்கித் திரண்டனர். மைக்கா ட்ரூ என்னும் அமெரிக்கர் 2003-இல் ஆண்டுத் தொடங்கிய ஐம்பது மைல் ஓட்டத்தில், ஓடி முடித்த ஊரார்க்கு மக்காச்சோளம் பரிசாக வழங்கப்பட்டது. விருந்தினனும் ஊரானும் ஒரே பாதையில், ஒரே வெயிலில், ஒரே தாகத்தோடு ஓடிய அவ்வேற்பாட்டை, யான் படித்த எல்லாச் சுற்றுலா முயற்சிகளினும் மேலாக மதிக்கின்றேன்.

ஆயினும் ஈண்டும் ஒரு பொய் புகுந்தது. இவர்கள் ஓடுதற்கென்றே பிறந்த அதிசயப் பிறவிகள் என்று பலர் எழுதினர். 2020-இல் தானியல் லீபர்மன் முதலிய அறிஞர், ராராமுரி ஓட்டக்காரரோடு கலந்தாராய்ந்து இதனை மறுத்தனர். மலையில் நாளும் ஏறி இறங்குதலும், வேலையும், இரவெல்லாம் ஆடும் ஆட்டமும், மரப்பந்தைக் காலால் உருட்டிக்கொண்டு குழுக்குழுவாய் ஓடும் பந்தயமும் அவர்களுக்கு வன்மை தருகின்றன. அப்பந்தயம் அவர்க்கு வழிபாட்டோடும் ஊர்க்கூட்டத்தோடும் இணைந்தது. ஒரு மக்களை மான் என்று புகழ்வதும், மாடு என்று இகழ்வதும் மனிதர் என்று கருதாமையில் ஒன்றே.

நம் கல்லூரியைச் சார்ந்தோர்க்கு இம்மலைநாட்டின் சமய வரலாறும் சுவைதரும். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயேசு சபைக் குருமார் ஆண்டுச் சென்றனர். வேலைக்குப் பிடித்துச் செல்லும் சுரங்க முதலாளிகளும் அவர்களை அடுத்தே சென்றனர். அந்நூற்றாண்டில் மக்கள் பன்முறை கிளர்ந்தெழுந்து கோயில்களைக் கொளுத்தினர். 1681-இல் சென்ற யோசேப்பு நாய்மன் என்னும் குரு, ஐம்பது ஆண்டு ஆண்டு வாழ்ந்து, அக்கிளர்ச்சிகளின் வரலாற்றை இலத்தீனில் எழுதினார்; அது 1730-இல் பிராகு நகரில் அச்சாயிற்று. அதே சபையினராகிய வீரமாமுனிவர் அக்காலத்தே தமிழகத்தில் இருந்தார் என்பதை எண்ணும்பொழுது, ஒரே சபையின் இரு கைகள் உலகின் இரு மூலையில் எழுதிக்கொண்டிருந்தமை தோன்றி என்னை மயக்கிற்று. 1767-இல் ஸ்பானிய மன்னன் ஆணையால் இயேசு சபையார் வெளியேற்றப்பட்டனர், 1900-இல்தான் மீண்டனர். இடையே மக்கள் தாம் பெற்றதைத் தம் வழியில் வளர்த்துக்கொண்டனர். பெரிய வாரத்தில் ஆடவர் உடலில் வெண்மண் பூசி, பரிசேயர் என்றும் வீரர் என்றும் இருபிரிவாய்ப் பிரிந்து, பறை முழக்கி ஆடுகின்றனர். யூதாசின் வைக்கோற் பாவையை அழிக்கின்றனர். நொரொகாச்சி முதலிய ஊர்களில் இதனைக் காணவும் விருந்தினர் வருகின்றனர். காண்டலிற் குற்றமில்லை. ஆனால், நம் கோயிலில் நற்கருணை வேளையில் அயலான் ஒருவன் நம் முகத்திற்கு அரைமுழத்தில் படக்கருவியை நீட்டினால், நம் பங்குமக்கள் எத்துணைப் பொறுமை காட்டுவர் என்பதை யான் அறிவேன். ஆட்டமாடித் தொழுவாரிடம் அப்பொறுமையை எதிர்பார்த்தல் என்ன நியாயம்?

இவ்வளவும் எழுதியபின் எழுதக் கை தயங்கும் ஒன்று உளது. அம்மலைகளிற் சில பகுதிகள் கஞ்சாவும் அபினிச்செடியும் விளைக்கும் கொள்ளைக் கூட்டத்தாரின் ஆட்சிக்கு உட்பட்டன. ஊரிக்கே ஓட்டமும் துப்பாக்கிச் சண்டையால் 2015-இல் நிறுத்தப்பட்டது. காட்டைக் காக்க நின்ற இசித்ரோ பல்தெனேக்ரோ என்னும் ராராமுரித் தலைவர், 2005-இல் கோல்டுமன் பரிசு பெற்றவர், 2017-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள், செரொக்காவி என்னும் ஊரின் கோயிலுக்குள் ஒருவர் உயிர்தப்பி ஓடிவந்தார். அவரைத் துரத்திவந்தவன் அவரையும், அவருக்கு உதவ வந்த குருமார் இருவரையும் கோயிலுக்குள்ளேயே கொன்றான். ஹவியேர் கம்போஸ், ஹோவாக்கின் மோரா என்னும் அவ்விருவரும் எண்பதை ஒட்டிய அகவையினர். பல்லாண்டு அம்மக்களிடையே வாழ்ந்தவர். உலகம் அவர்களுக்காக அழுதது, தகும். ஓடிவந்தவர் பெயர் பேத்ரோ பால்மா. அவர் தொழில் யாது? வழிகாட்டி. அயலார்க்கு அப்பள்ளத்தாக்கைக் காட்டி உயிர்வாழ்ந்தவர். கொன்றவன் எனப்பட்டவன் மறு ஆண்டு மார்ச்சுத் திங்களிற் பிணமாகக் கிடைத்தான்.

"அப்படியானால் எவரும் போகாதிருத்தலே நன்றன்றோ?" என்றார் நண்பர். அவர் கேட்டபொழுது என்னால் உடனே விடைசொல்ல இயலவில்லை. இரண்டு நாள் எண்ணியபின் என் விடை இது: போகாதிருத்தலால் கொலைஞர்க்கு நட்டமில்லை, கூடை முடைபவளுக்கும், அடை வார்ப்பவளுக்கும், பேத்ரோ பால்மாவைப்போன்ற வழிகாட்டிகளுக்குமே நட்டம். ஊரார் எப்பாதை வழியே, எக்காலத்தே போகலாம் என்கின்றனரோ அவ்வழியே, அவர்களுள் ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி, அவர் சொற்கேட்டுப் போதல் வேண்டும். அஞ்சி ஒதுங்குதலும், கம்பியிற் பாய்ந்து மீள்தலும், இரண்டுமே அவர்களைக் காணாமைக்கு வழிகள்.

நண்பர் தம் கட்சியை விட்டாரல்லர். என்றேனும் இருவரும் ஒருங்கு சென்றால், தாம் கம்பியிற் பாய்வதாகவும், யான் நடந்து இறங்கலாம் எனவும், அடியிலுள்ள மாமரத்தின்கீழ் யார் முந்திச் சேர்கின்றனர் என்று பார்ப்போம் எனவும் பந்தயம் கட்டினார். யானும் இசைந்தேன். பின்னர் நூலிற் பார்த்தேன்; அக்கம்பி ஆறு வரை செல்லவில்லை. சரிவின் நடுவே ஒரு மேட்டில் முடிந்துவிடுகின்றது. பாய்ந்து சென்றவரைத் தொங்கு வண்டி மீண்டும் விளிம்பிற்கே ஏற்றிக்கொண்டு வந்துவிடும். நீரையும் மாமரத்தையும் வேண்டுவோர் அம்மேட்டினின்றும் நடந்தே இறங்கல் வேண்டும். இதனை நண்பரிடம் இன்னும் சொல்லவில்லை. இம்மலரில் அவர் படித்து அறியட்டும்.